எஞ்சினை எழுப்பாத படலம்

வாழ்க, பாதி பெட்ரோலாலும் பாதி மின்சாரத்தாலும் இயங்கும் பெருந்தேரின் தலைவன்! வாழ்க, வில்லை தீட்டும் வித்தகன், கிட்டப்பார்வைக்கும் எட்டப்பார்வைக்கும் ஒருங்கே வரமருளும் வள்ளல், மயிரிழையில் பாதியளவு பிழை நேரினும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து மறுபடியும் தேய்க்கும் நுண்ணோக்கன், ஊராரால் கண்ணாடிக்காரன் என்று ஒற்றைச் சொல்லால் அழைக்கப்படும் நம் நாயகன்! அவன் உரைத்த வஞ்சினத்தையும், அதனால் மூண்ட வெஞ்சமரையும், அச்சமரில் மனைவியும் மைத்துனனும் பட்ட பாட்டையும் பாடப் புகுந்தோம். பின்னிருக்கைக்கு அடியில் ஓசையின்றி உறங்கும் பேட்டரித் தாயே, எம் நாவிலும் சற்றே சார்ஜ் ஏற்றி அருள்க!

முன்னொரு காலத்தில், அதாவது சென்ற மாதம் வரையில், அவனிடம் ஒரு டீசல் வண்டி இருந்தது. அதை வண்டி என்பது அதன் பெருமைக்கு இழுக்கு. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் இடியேறு போல் முழங்கி, மரக்கிளையில் இருந்த காக்கைகளையும் மாடி வீட்டில் உறங்கிய குடித்தனக்காரரையும் ஒருசேர எழுப்பி, கரும்புகைக் கொடியை வானளாவ உயர்த்திக்கொண்டு தெருவில் இறங்கும் மதக்களிறு அது. அக்களிறு ஒருநாள் சந்தை முனையில், சிக்னல் பச்சை விழுந்த வேளையில், எல்லா ஹாரன்களும் ஒப்பாரி வைக்க உயிர்நீத்தது. அதன் இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது முத்துவெள்ளை நிறத்து ஹைப்ரிட்.

அந்தோ, அது வந்த மறுநாட் காலையில் நிகழ்ந்ததை என்னென்று உரைப்போம்! நீராடி, தலைசீவி, அரியணை ஏறும் அரசன் போல் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பிரேக்கை மிதித்து, நீலவிளிம்பிட்ட பொத்தானைப் பெருவிரலால் அழுத்தினான் கண்ணாடிக்காரன். உறுமல் எழவில்லை. நடுக்கம் பிறக்கவில்லை. கண்ணாடிக் குவளையில் கரண்டி பட்டாற்போல் ஒரு சின்ன மணியொலி, அவ்வளவே. வண்டி கிளம்பவில்லை என்று கருதி மறுபடியும் அழுத்தினான். எரிந்த விளக்குகள் அவிந்தன. மறுபடியும் அழுத்தினான், அவிந்தவை எரிந்தன. இவ்வாறு எரிப்பதும் அவிப்பதுமாகப் பெருவிரல் சிவக்கப் பொருதவன், முடிவில் விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சீறினான்.

“என்ன சார் வண்டி குடுத்திருக்கீங்க? முதல் நாளே படுத்துடுச்சே!”

“சார், வண்டி ஆன்லதான் சார் இருக்கு. கியரைப் போட்டுட்டு பிரேக்லேர்ந்து காலை எடுங்க.”

எடுத்தான். பொய்கைமேல் அன்னம் நகர்வது போல், பேயொன்று முன்நின்று நூல்கட்டி இழுப்பது போல், ஓசையின் சுவடே இன்றி முன்னே சென்றது தேர். சென்ற வேகத்தில் பூந்தொட்டி ஒன்று வீரமரணம் எய்தியதை நாம் விரித்துரைக்க மாட்டோம்.

அன்று தொட்டு அவன் பழைய மனிதன் அல்லன். ஸ்டியரிங்குக்கு அருகில் ஒளிரும் திரையில் சக்கரம், பேட்டரி, எஞ்சின் மூன்றும் சித்திரமாய் நிற்க, அவற்றிடையே அம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு அம்பு பாய்ந்து சார்ஜ் ஏறுவதைக் கண்ட கணத்தில் அவன் உள்ளம் உருகியது. வாழ்நாளெல்லாம் பிரேக் என்றால் இழப்பு என்று நம்பியிருந்தவனுக்கு, நிற்பதற்குக் கூலி கொடுக்கும் வண்டி வாய்த்தால் உருகாமல் என் செய்வான்! பேட்டரியின் வலிமையால் மட்டும் தேர் ஓடுகையில் திரையின் மூலையில் ஒரு பச்சை விளக்கு எரியும். எஞ்சின் விழித்துவிட்டாலோ அவ்விளக்கு அணைந்துபோகும். வில்லையில் மயிரிழைப் பிழை பொறுக்காத அக்கண்கள், அன்றுமுதல் அந்தப் பச்சை அணைவதையும் பொறுக்கவில்லை. கடையில் வாடிக்கையாளர் சுவரில் தொங்கும் எழுத்துகளைத் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருக்க, அவன் நினைவோ, காலையில் எந்தத் திருப்பத்தில் பச்சை அணைந்தது, ஏன் அணைந்தது என்பதிலேயே உழன்றுகொண்டிருந்தது.

இவ்வாறு வேட்கை முற்றிய ஒரு திங்கட்கிழமை. அவன் மனைவியோ பெரியாஸ்பத்திரியின் மருந்தகத்தில் ஆண்டாண்டாய்ப் பணிபுரிந்து, அன்றைக்குத்தான் தலைமை மருந்தாளராய்ப் பொறுப்பேற்கப் புறப்பட்டவள். மருந்தறையின் சாவிக்கொத்து அவள் கைப்பைக்குள் கிடந்தது. அவள் போய்த் திறந்தாலன்றி எந்த வார்டுக்கும் காலை மருந்து போகாது. இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு கசங்காமல் இருக்க, முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து அமர்ந்திருந்தாள் அவள். பின்னிருக்கையில் அவள் தம்பி, லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக், தன் கருவிப் பெட்டியை மடியில் ஏந்தி வீற்றிருந்தான். ஆஸ்பத்திரிக்கு அடுத்த கட்டடத்தில் அவனுக்கு வேலை. அப்போது வாசற்கதவருகே தேரை நிறுத்தி, ஸ்டியரிங்கை இருகையாலும் பற்றி, கண்ணாடிக்காரன் வஞ்சினம் உரைத்தான்.

“இன்னைக்குப் பாருங்க. இங்கேர்ந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எஞ்சினை எழுப்பாமலே கொண்டுபோய் விடறேன்!”

“எழுப்பியோ எழுப்பாமலோ, நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டா போதுங்க,” என்றாள் அவள்.

புறப்பட்டது படை. ஆக்சிலரேட்டர்மேல் அவன் வைத்த பாதம், முட்டையின்மீது வைத்த பாதம் போல் இருந்தது. தெருமுனையைக் கடக்குமுன்பே முதற்பகை எதிர்ப்பட்டது. செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் படித்தவாறு ஒரு பெரியவர் சாலையின் நட்டநடுவே நடந்துகொண்டிருந்தார். ஓசையில்லாத் தேர் தம் முதுகுக்குப் பின்னே முழம் இடைவெளியில் ஊர்ந்து வருவதை அவர் அறியார். ஹாரன் அடித்தால் மின்சாரம் செலவாகும் என்று அஞ்சிய நம் நாயகன், அவர் பக்கம் புரட்டும் வரைக்கும் காத்திருப்பதே அறம் எனத் தெளிந்தான். விளையாட்டுச் செய்தி முடிந்து வேலைவாய்ப்பு விளம்பரம் தொடங்கியும் அவர் ஒதுங்கிய பாடில்லை. மைத்துனன் தலையை வெளியே நீட்டிக் கூவினான்.

“ஐயா! கொஞ்சம் ஓரம் போறீங்களா!”

பெரியவர் துள்ளிய துள்ளலில் செய்தித்தாள் நான்காய்ப் பிரிந்து நாற்றிசையும் பறந்தது. “அட பாவிங்களா, எப்பய்யா வந்தீங்க?” என்ற அவர் குரல் பின்னே தேய்ந்து மறைய, திரையில் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது.

அடுத்து மூண்டது ஏசிப் போர். முற்பகல் வெயில் முன்கண்ணாடி வழியே ஈட்டியாய்ப் பாய, மருந்தாளரின் வெள்ளைக் கோட்டின் காலரில் ஈரம் படரத் தொடங்கியது. அவளது வலக்கை மெல்ல நீண்டு ஏசியின் திருகை நாடிற்று. நாயகனின் இடக்கை அதனை இடைமறித்தது. விரலும் விரலும் எதிரெதிர் நின்று, திருகு இடம்புரியும் வலம்புரியுமாய்ச் சுழல, குளிர்காற்று வருவதும் நிற்பதுமாய்க் களம் கலங்கியது. ஒவ்வொரு முறை அவள் வெல்லும்போதும் திரையில் பேட்டரியின் பச்சைக் கட்டைகளுள் ஒன்று, அம்பு பட்ட வீரனைப் போல் சாய்ந்தது.

“கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோயேன்.”

“காத்து அடிச்சா தலை கலையும். இன்னைக்குப் பொறுப்பு எடுக்கப் போறேங்க நான்.”

“வேகமா போனாத்தானே காத்து அடிக்கும்,” என்றான் அவன். இதைத் தற்பெருமை கலந்த குரலில் வேறு சொன்னான் என்பதைக் காவிய நேர்மை கருதி மறைக்காமல் உரைக்கின்றோம்.

கடைவீதியைத் தாண்டியபோது அவன் பின்னே பெரும்படை ஒன்று திரண்டிருந்தது. சிமென்ட் குழம்பைச் சுழற்றிக்கொண்டே வரும் லாரி பட்டத்து யானையாய் முன்னிற்க, பள்ளி வேன்கள் தேர்ப்படையாய் நெருங்க, இருசக்கர வண்டிகள் குதிரைப்படையாய் இடமும் வலமும் புகுந்து வழிதேட, ஹாரன்களாகிய முரசும் கொம்பும் திசையெட்டும் அதிர்ந்தன. நாயகன் கலங்கினானல்லன். காய்கறிக் கூடையைப் பின்னால் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் அவனை முந்திச் செல்கையில் திரும்பிப் பார்த்து, “வண்டி ரிப்பேரா? தள்ளிவிடணுமா?” என்று கனிவோடு கேட்டபோதும் கலங்கினானல்லன். பின்னிருக்கையிலிருந்து, “அத்தான், எங்க கம்பெனியில ரொம்பப் பழைய லிஃப்ட் கூட இதைவிட வேகமா போகும்,” என்ற சொல்லம்பு வந்து தைத்தபோதுதான் சற்றே முகம் சுளித்தான்.

இனி வருவதே பெருங்களம். ஊரைக் குறுக்காக அறுத்தோடும் ரயில் தண்டவாளத்தின்மேல், மலைமுகடு போல் வளைந்து எழுந்து நின்றது மேம்பாலம். அதற்கு அப்பால் ஆஸ்பத்திரி. பேட்டரியிலோ இரண்டே கட்டைகள். கண்ணாடிக்காரன் மூச்சை உள்ளிழுத்தான். அதனால் வண்டியின் எடை குறையும் என்று எண்ணினான் போலும். “கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருடா,” என்று மைத்துனனுக்கு ஆணையிட்டான். “அந்தப் பெட்டியை மடியிலேர்ந்து தூக்கிப் பிடிச்சுக்கோ.”

“தூக்கிப் பிடிச்சா மட்டும் எடை எங்க அத்தான் போகும்?” என்று கேட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கிப் பிடித்தான் அவன்.

ஏற்றத்தின் கால்பங்கு கடந்த வேளையில், கைப்பைக்குள் தொலைபேசி ஒலித்தது. மருந்தாளர் எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் மூவருக்கும் கேட்டது.

“அக்கா, எங்க வர்றீங்க? எல்லா வார்டுலேர்ந்தும் வந்து கதவாண்ட நிக்கிறாங்க. டாக்டருங்க ரவுண்ட்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. புது மேடம் முதல் நாளே லேட்டான்னு பேச்சு ஆரம்பிச்சாச்சு அக்கா.”

“வந்துட்டேம்மா. பாலத்துல இருக்கேன்.”

தொலைபேசியை வைத்தாள். சினந்தாளல்லள். குரலை உயர்த்தினாளல்லள். ஏசித் திருகின் பக்கம் கையை நீட்டவும் இல்லை. கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை வெளியே எடுத்து, ஓசைப்படாமல் இருக்க விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐயகோ, முரசொலி கேட்டு அஞ்சாதவன், யானைப்படை கண்டு நடுங்காதவன், அந்த அமைதியைக் கேட்டு நடுங்கினான்! முந்தைய இரவு அவள் கண்ணாடி முன் நின்று, நாளை மருந்தகத்தாரிடம் சொல்ல வேண்டிய நாலு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததும், ‘நல்லா இருக்குதாங்க?’ என்று அவள் கேட்டதற்குத் தான் வண்டியின் விளக்கப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் ‘உம்’ கொட்டியதும் அவன் நெஞ்சில் வந்து முட்டின.

“இங்கேயே நிறுத்துங்க,” என்றாள் அவள். “நான் இறங்கி ஓடியே போயிடறேன்.”

ஒரு புறம் பச்சை விளக்கு. மறு புறம் வெளுத்த விரல்களுக்குள் ஒரு சாவிக்கொத்து. வாசலிலிருந்து கண்ணின் மணிபோல் காத்துவந்த வஞ்சினம் ஒரு தட்டிலும், கதவாண்ட காத்து நிற்கும் வார்டுகள் ஒரு தட்டிலுமாய் அவன் உள்ளத் தராசு ஆடியது. நெடுநேரம் ஆடியது என்றால் காவியம் சிறக்கும். ஆயினும் உண்மை அதுவன்று. அது ஆடவே இல்லை. சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

“கெட்டியா பிடிச்சுக்கோங்க,” என்றான் கண்ணாடிக்காரன். அழுத்தினான் ஆக்சிலரேட்டரை, அடியோடு, தரையோடு!

எழுந்தது எஞ்சின்! குகைக்குள் வேண்டுமட்டும் உறங்கிய வேங்கை பிடரி சிலிர்த்து எழுந்தாற்போல், அடைத்து வைத்த மழைமேகம் ஒரே கணத்தில் வாய்திறந்தாற்போல், கர்ஜித்து எழுந்தது! பச்சை விளக்கு அணைந்தது; அணைந்ததை அவன் பார்க்கவில்லை. எஞ்சினிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் சக்கரத்துக்கு ஒருங்கே அம்புகள் பாய, சிமென்ட் யானை பின்தங்க, பள்ளி வேன்கள் புள்ளியாய்ச் சிறுக்க, கனிவு மிக்க சைக்கிள்காரர் வாய்பிளந்து நிற்க, “அப்படிப் போடுங்க அத்தான்!” என்று மைத்துனன் கருவிப் பெட்டியில் தாளம் கொட்ட, முகட்டில் ஏறி மறுபுறம் இறங்கியது முத்துவெள்ளைத் தேர். ஏசியை அவனே திருகி, உச்சக் குளிரில் வைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் தேர் நிற்குமுன்பே கதவைத் திறந்து இறங்கினாள் மருந்தாளர். படிக்கட்டில் பாதி ஏறியவள் நின்றாள், திரும்பினாள். இரண்டு படி இறங்கி வந்து ஜன்னலுக்குள் குனிந்தாள்.

“நான் பேசறது நல்லாத்தானே இருந்தது?”

“ரொம்ப நல்லா இருந்தது. சாயங்காலம் வந்து முழுசா இன்னொரு தடவை சொல்லு, கேக்கறேன்.”

அவள் சிரித்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு படபடக்க ஓடிப்போய், கதவாண்ட நின்ற கூட்டத்துக்குள் மறைந்தாள். சாவி திரும்பும் ஓசையும், “வாங்கம்மா, ஒவ்வொருத்தரா வாங்க” என்ற அவள் குரலும் வாசல்வரை கேட்டன. எந்த வார்டுக்கும் மருந்து தவறவில்லை.

இவ்வாறு தோற்று வென்ற மாவீரன், திரையிலே தாழ்ந்து கிடந்த சராசரி மைலேஜ் எண்ணை நோக்கியும் சோர்ந்தானல்லன். மைத்துனன் இறங்கப் போகையில் அவன் சட்டையைப் பற்றி நிறுத்தி, விழிகள் ஒளிர, மறுநாட் போருக்கு வியூகம் வகுத்தான். “டேய், நாளைக்குப் பாரு. தப்பு எங்கேன்னு தெரிஞ்சுடுச்சு. கடைவீதி வழியா போகாம குளத்தோரமா சுத்திப் போனா நெடுக இறக்கம், பேட்டரி நிறைஞ்சுடும். இன்னும் கொஞ்சம் சீக்கிரமா கிளம்பணும், அவ்வளவுதான். உங்க அக்காவை பச்சை அணையாமலே பாலத்துல ஏத்திக் காட்டறேன்!” என்று அவன் முழங்கிய முழக்கத்தில் ஆஸ்பத்திரி மதில் அதிர்ந்தது, வேப்பங்கிளைகள் வாகை சூட்டத் தாழ்ந்தன, அப்பெருந்தகையின் கொற்றம் நாளையும் அந்த நெடும்பாலத்தின் உச்சியில் பச்சைச் சுடராய் ஒளிர்க என்று எண்டிசையும் வாழ்த்தொலி எழுந்தது.

மறுநாள் அவள் பஸ்ஸில் போனாள்.