சோறு எங்கே போகப் போகிறது

தட்டில் கிடந்த கடைசி இரண்டு கவளத்தை அந்த ஆள் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும் என்று அருணா மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஆள் எழுந்திருக்கவில்லை. கவளத்தைக் குழம்பில் புரட்டி வாயில் போட்டான். பிறகு, அவளை வெறுப்பேற்றவே செய்வதுபோல, ஆள்காட்டி விரலால் தட்டை ஒரு சுற்று வழித்து நக்கினான்.

கேன்டீனில் கை கழுவும் தொட்டியருகே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற அருணாவுக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. தின்று மிச்சமானதெல்லாம் அதில்தான் விழ வேண்டும். அன்றைக்கு விழுந்திருந்தது ஒரு கறிவேப்பிலைக் கொத்தும் கொஞ்சம் முருங்கைச் சக்கையும்தான்.

கும்மிடிப்பூண்டியில் பம்ப் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் அருணா வேலை பார்த்தாள். போல்ட்டோ கிரீஸோ கையுறையோ, அவள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது. எதுவும் வீணாவது அவளுக்கு ஆகாது. பற்பசைக் குழாயைக் கத்தரித்துத் திறந்து வழிப்பாள். அச்சடித்த காகிதத்தின் பின்பக்கத்தில்தான் எழுதுவாள். ஆசைப்பட்டுப் பழைய கேமரா ஒன்றை வாங்கியபோது அந்தக் குணமும் கூடவே அதற்குள் புகுந்துகொண்டது. துருப்பிடித்த சங்கிலி, மழைத்தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் வானவில், கவரைப்பேட்டை ஸ்டேஷன் கம்பியில் யாரோ காயப்போட்ட போர்வை என்று எதைப் பார்த்தாலும் ஒரே ஒரு தடவைதான் அமுக்குவாள். அந்த ஒரு தடவைக்காக வெகுநேரம் காத்திருப்பாள்.

"பிலிமா தீந்துடப் போவுது? சும்மா அமுக்கிக்கினே இரு" என்பான் அவள் கணவன்.

அவனுக்கு எப்படிச் சொல்வது? பத்துப் படம் எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதை அழிப்பது, இலை நிறைய வாங்கி ஒரு வாய் தின்றுவிட்டு மூடுவதுபோல அவளுக்கு இருந்தது. அவள் எடுத்து வைத்திருந்த படங்களை யாரும் பார்த்ததில்லை. வீட்டுக் கூடத்தில் ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படமும் சாமி காலண்டரும் இருந்தன. துருவையும் சேற்றையும் மாட்ட அங்கே ஆணி கிடையாது. எங்காவது ஒரு சுவரில், ஒரே ஒரு ஆணியில், தன் படம் தொங்க வேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெளியே சொன்னால் அது ரொம்பச் சின்னதாகிவிடும் என்று பயம்.

அந்த ஆசைக்குத்தான் இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. தொழிலாளிகளுக்குப் புகைப்படப் போட்டி வைத்திருப்பதாக மேனேஜர் ஹேமநாத் அறிவித்திருந்தார். தலைப்பு, 'வீணாக்காதீர்'. ஜெயிக்கும் படத்தைச் சட்டம் போட்டு, வாடிக்கையாளர்கள் வந்து உட்காரும் வரவேற்பறையில் மாட்டுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை மதியமே அவள் தன் படத்தைப் பார்த்துவிட்டாள். கேன்டீன் கூரை இடுக்கு வழியாக வெயில் நேராக டிரம்மில் விழுந்தது. உள்ளே சோறு மலைபோலக் குவிந்து, உச்சியில் சாம்பார் வழிந்து, சரிவில் அப்பளம் ஒன்று குத்திக்கொண்டு நின்றது. பார்க்க அத்தனை அழகாகவும் அத்தனை பாவமாகவும் இருந்தது. அவள் கேமராவைத் தூக்கியதும் சாப்பிடுகிறவர்கள் திரும்பினார்கள். சமையல் ஜெயராஜ் மாஸ்டர்கூடக் கரண்டியும் கையுமாக வந்து நின்று பார்த்தார். வெயில் இன்னும் கொஞ்சம் நகரட்டும் என்று அருணா காத்தாள். அப்பளத்தின் நுனியில் வெயில் பட்டது. அமுக்கினாள். கேமரா ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

பரவாயில்லை, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், சோறு எங்கே போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பேட்டரியோடு வந்தால் டிரம்மில் அந்தக் கறிவேப்பிலைக் கொத்தும் முருங்கைச் சக்கையும்தான்.

பேக்கிங்கில் வேலை பார்க்கும் அவளுடைய சிநேகிதி பிரேமாதான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "நீ இன்னாத்துக்கு டிரம்மாண்ட கேமராவ வெச்சிக்கினு நின்ன? சோத்த மிச்சம் வெக்கிறவன் மூஞ்சிய புடிச்சி ஆபீஸ்ல குடுக்கப் போறன்னு பேசிக்கினு கீறாங்க. கேன்டீன் சலுகைய வெட்டப் போறாங்களாம். எவன் வெப்பான் மிச்சம்?"

அருணா மறுநாள் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கேமரா மறைந்தது, செருப்புக் கால் மறையவில்லை. சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க ரகசியக் கேமரா வைத்திருப்பதாகப் பேச்சாகிவிட்டது. முருங்கைக்காயைச் சக்கையோடு மென்று முழுங்கினார்கள்.

வேறு வழியில்லாமல் அவள் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று உண்மையைச் சொன்னாள். இது வெறும் போட்டிக்கு, யார் முகமும் வராது, எல்லோரும் வழக்கம்போலச் சாப்பிடலாம் என்றாள். இதைக் கேட்டதும் பயமெல்லாம் போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்தது. எல்லோருக்கும் படத்தில் வர ஆசை வந்துவிட்டது. தலையைப் படிய வாரிக்கொண்டு வரிசையாக வந்து, பளபளவென்று வழித்த தட்டைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தட்டு காலியா கீது, நல்லா தெரியிதா பாருக்கா" என்றான் ஒருவன்.

அருணா பிரேமாவைத் தனியாக இழுத்துப் போனாள். நீயாவது சோற்றை நிறைய வாங்கி மிச்சம் வை என்று கெஞ்சினாள். சிநேகத்துக்காகப் பிரேமா சம்மதித்தாள். மலைபோல வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் வெறும் தட்டோடு வந்து நின்றாள்.

"இன்னாடி இது?"

"இன்னா பண்ணச் சொல்ற? வத்தக்குழம்பு. கை நிக்கல."

அப்படியானால் தன் கையாலேயே கொட்டிவிடுவது என்று அருணா தீர்மானித்தாள். இரண்டு சாப்பாடு வாங்கினாள். ஒன்றைச் சாப்பிட்டாள். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு போய் டிரம்முக்கு மேலே பிடித்தாள். தட்டு சாய மறுத்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் கொட்டட்டும், அதைப் படம் எடுத்து ஐயோ என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். கொட்டுகிற கை தன்னுடையதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. இத்தனை நாளாக வீணாவதைக் கண்டு வருந்தியதெல்லாம் நிஜமா, இல்லை, வருந்துவதற்கு அடுத்தவர்கள் வீணாக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டாளா? இந்தக் கேள்வி பிடிக்காமல் போகவே, அவள் உட்கார்ந்து இரண்டாவது சாப்பாட்டையும் சாப்பிட்டாள். ரசத்துக்காக மூன்றாவது தடவை எழுந்து போனதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று மதியம் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே அவள் அசந்து தூங்கியதை ஸ்டோர்ஸ் முழுக்கப் பார்த்தது.

கடைசி முயற்சியாகச் சமையலறையின் பின்வாசலுக்குப் போனாள். சமைத்த பாத்திரத்திலாவது ஏதாவது மிஞ்சியிருக்கும். அங்கே தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதவிடுக்கு வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்த விதம் அருணாவை அங்கேயே நிறுத்திவிட்டது. கை தானாகக் கேமராவுக்குப் போனது. அந்தப் பெண் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னைய புடிக்காதம்மா."

"இல்லக்கா, எடுக்கல. அடி புடிச்சது, தீஞ்சது ஏதாவது கெடைக்குமா?"

"இங்க இப்ப எதுவும் தீயறதில்ல" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் மிடுக்காக.

அருணாவுக்கு யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது. "எனக்கு அந்த டிரம்மு ஒரே ஒரு நாள் ரொம்பணும்க்கா. ஒரு படம். ஒரே ஒரு படம்."

அந்தப் பெண் முந்தானையை விலக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி வாசலில் கலியன் காத்திருந்தான். டிரம்மில் சேர்வதைப் பன்றிகளுக்காகத் தினமும் மூன்று சக்கர வண்டியில் எடுத்துப்போகிறவன் அவன்.

"இன்னாமா, உங்க கம்பெனில எல்லாரும் பேஜாரு பண்றாங்கோ. மூணு நாளா ஒரு பருக்க கெடையாது. பன்னிங்கல்லாம் என் மூஞ்சயே பாத்துக்கினு குந்தினு கீதுங்கோ."

அருணாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. வேறு கம்பெனிகளில் எப்படி என்று கேட்டாள். பக்கத்துக் கம்பெனியில் நிரம்பி வழிவதாகவும், இதோ வண்டியிலேயே ஒரு டிரம் இருப்பதாகவும் அவன் சொன்னான். எட்டிப் பார்த்தாள். சோறு, சாம்பார், அப்பளம் எல்லாம் இருந்தன. கூரை இடுக்கு வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று அவள் கெஞ்ச, கலியனும் வண்டியை உள்ளே திருப்பினான். வாசல் செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார்.

"வேஸ்ட்டு வெளிய போவலாம். உள்ள வரக் கூடாது. உள்ள வந்தா அது மெட்டீரியல். ஸ்டோர்ஸ்ல கையெழுத்து வாங்கியாங்க."

"நான்தாங்க ஸ்டோர்ஸ்."

"அப்ப இன்னா ஐட்டம்னு எழுதிக் குடும்மா."

அருணா பேனாவைத் திறந்தாள். போல்ட்டும் நட்டும் எழுதிப் பழகிய கை காகிதத்தின் மேல் நின்றது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஹேமநாத்தின் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்ன அருணா, நம்ம கேன்டீன் வேஸ்ட்டா இவ்வளவு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கலியன் முந்திக்கொண்டான். "உங்க கம்பெனியா? நல்லா சொன்னீங்க நைனா. இது பக்கத்துக் கம்பெனிது. இந்தம்மா கேமராவ தூக்கினு டிரம்மாண்ட நின்னதுலேர்ந்து உங்க ஆளுங்க தட்ட கழுவாமயே அடுக்கலாம் போல கீது."

ஹேமநாத் காரை அங்கேயே விட்டுவிட்டுக் கேன்டீனுக்கு நடந்தார். நீல டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் கோயிலில் இருந்து வந்தவர் முகம்போல இருந்தது. வருஷக்கணக்காகத் தான் போஸ்டர் ஒட்டியும் நடக்காத காரியம் இது என்றார். "இதைத்தான் எடுக்கணும் அருணா. இந்தக் காலி டிரம்மை."

அவள் எட்டிப் பார்த்தாள். கழுவி வைத்த டிரம்மின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. நீலச் சுவர் வழியாக வெயில் இறங்கி உள்ளே முழுக்க ஒரு கடல் நிறம். தண்ணீரில் கூரை இடுக்கு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, அதன் ஓரத்தில் கேமராவோடு அவள் முகமும். நாலு நாளாக இந்தப் பாத்திரம் நிரம்பாதா என்று ஏங்கியவள் அது காலியாக எப்படி இருக்கும் என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அமுக்கினாள். ஒரே ஒரு தடவை.

படம் ஜெயித்தது. அடுத்த புதன்கிழமை வரவேற்பறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். ஒரு பெண்ணின் கேமரா நம் தொழிலாளிகளின் மனசாட்சியைத் தட்டி எழுப்பிவிட்டது என்று ஹேமநாத் பேசினார். கைதட்டினார்கள். அருணா தலையைக் குனிந்துகொண்டாள். முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் பேச்சு நீள நீள, அது உண்மையாகவே இருக்கலாம் என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு படம் மனிதர்களை மாற்றாதா என்ன? எடுக்காத படமே மாற்றியிருக்கிறதே. கூட்டம் முடிவதற்குள் அவள் அடுத்து எதை மாற்றலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள். தண்ணீர்க் குழாய்களிலிருந்து ஆரம்பிக்கலாம்.

எல்லோரும் போன பிறகும் அவள் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலி டீ கிளாஸ்களைப் பொறுக்க வந்த பெண்ணும் படத்தின் முன் நின்றாள். தலையில் துண்டு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள்.

"நல்லாருக்காக்கா?" என்று கேட்டாள் அருணா.

"நல்லாதாம்மா கீது" என்றாள் அந்தப் பெண். கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிவிட்டு, யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "நான் மெர்சி, ஜெயராஜ் மாஸ்டர் சம்சாரம். அன்னிக்கி நீ டிரம்ம படம் புடிச்சத பாத்துட்டு, சோறு வாயில வெக்க முடியலன்னு மேல புகார் குடுக்கப் போறன்னு அவரு பயந்துபோய், என்னைய காய்கறி வண்டியில குந்தவெச்சு இட்டாந்துட்டாரு. இம்மா நாளா நான்தான் சமைச்சேன். படம் மாட்டியாச்சில்ல, இன்னியோட நான் ஊட்டுக்குப் போறேன். நாளையிலேர்ந்து அவருதான் சமைக்கிறாரு, கேமராவ மறக்காம எடுத்துனு வா. நீ கேட்டல்ல, டிரம்மு ரொம்பிடும்."