ஒரு கரண்டி எண்ணெயில் கோழிக்குழம்பு

மோல்மீன்,
மழைக்காலம்.

மும்மணிகளின் அருளால் மாந்தலேயில் நலமாக வீற்றிருக்கும் என் மூத்த அக்கா டோ யி யி அவர்களுக்கு, தம்பி போ தெய்ன் மண்டியிட்டு வணங்கி எழுதிக்கொண்டது. நானும் மகள் தஸினும் இங்கே சுகம். உங்கள் மூட்டுவலி குறைய வேண்டும்.

நீங்கள் பார்த்து அனுப்பிய மாப்பிள்ளை வீட்டார் நேற்று விருந்துக்கு வந்தார்கள். பெண்ணின் மனசு என்ன என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தீர்கள். அதற்கு வருகிறேன், முதலில் குழம்பு. என் ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டதென்று டாக்டர் மிரட்டியதிலிருந்து நம் வீட்டில் ஒரு கரண்டி எண்ணெய்க்கு மேல் கிடையாது. உங்கள் தம்பி மனைவி இருந்திருந்தால் என்னை அடுப்படிப் பக்கமே விட்டிருக்கமாட்டாள். நானே வெங்காயம் அரைத்துக் கண்ணீர் விட்டு, மஞ்சளை லுங்கியில் பாதியும் சட்டியில் பாதியுமாகப் போட்டுக் கோழியை வேகவைத்தேன். தஸின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, குழம்பு சோகை பிடிச்ச மாதிரி இருக்கு. மேல எண்ணெய் மிதக்கலைன்னா கஞ்ச வீடுன்னு நினைக்க மாட்டாங்களா?" என்றாள். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், என் மூச்சு நிற்கக் கூடாது என்றேன். அவள் மூடியைத் திரும்பப் போட்டாள். இந்த லட்சணத்தில் விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வெகுமுன்பே வந்துவிட்டார்கள். மஞ்சள் கறை லுங்கியோடு வாசலில் நின்ற என்னை அவள்தான் குளிக்கத் துரத்தினாள். பட்டு லுங்கியை நான் தேடிக் கட்டிக்கொண்டு வருவதற்குள் சாப்பாடு பரிமாறியாகிவிட்டது.

அக்கா, குழம்பைப் பார்த்தேன். பொன்னிறமாக எண்ணெய் தளதளவென்று மேலே நின்றது. இளந்தீயில் வைத்தால் கோழி தன் கொழுப்பையே தாரை வார்த்துவிடும் என்று அப்போதுதான் புரிந்தது. அதைப் பற்றி எல்லோருக்கும் விளக்கமாகவே பேசினேன். பையனின் அம்மா டோ டின் ஹ்லா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு கரண்டியில இவ்வளவா? எங்க வீட்டுக் கோழிக்கு இந்தப் புத்தி இல்லையே" என்று வியந்து செய்முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பையனுக்குப் புரையேறியது. டாக்டர் சொன்னபடி செய்த குழம்பாயிற்றே என்று நானும் பயமில்லாமல் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். நீங்களும் இப்படியே வையுங்கள்.

பெண் விஷயம்தான் வருத்தம். பையன் தங்கமானவன், ஆனால் அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கேட்டால் "உங்க இஷ்டம்ப்பா" என்கிறாள். மனசில்லாத பெண்ணைத் தள்ளிவிட என்னால் முடியாது. அவர்கள் மனம் நோகாமல் நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகள் எல்லோரும் நோய்நொடியின்றி இருக்கட்டும்.

உங்கள் தம்பி,
போ தெய்ன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடி அடுப்படிக்குப் போனேன். அரிசிப் பானைக்குப் பின்னால் கடலை எண்ணெய்ப் பாட்டில் காலியாகக் கிடந்தது. தஸினைக் கூப்பிட்டுக் கேட்டேன். முகம் சிவந்துபோய், "வெங்காயம் போட்டுக் காய்ச்சித்தான்ப்பா ஊத்தினேன். அவங்கம்மா நம்மளைக் குறைவா நினைச்சிடக் கூடாதேன்னு" என்றாள். எனக்கு நெஞ்சு படபடக்கிறது, எண்ணெயாலா சந்தோஷத்தாலா தெரியவில்லை. அவர்களிடம் வேண்டாம் என்று வாயைத் திறந்துவிடாதீர்கள் அக்கா. மழைக்கால நோன்பு கழிந்து விளக்குத் திருவிழா முடிந்ததும் கல்யாணத்துக்கு நாள் பாருங்கள். பெண்ணுக்கு ஒரு பாட்டில் நிறையச் சம்மதம்.