நிக்கல் கம்பியும் வழி கேட்க வந்தவரும்

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: வாய் சொன்னதைக் கை கேட்காது. எனக்கு அது முற்றியிருந்த நேரத்தில்தான் செல்லூரில் ஒரு கம்பிப் பட்டறைக்கு நேர்காணலுக்குப் போனேன். உலோகவியல் படித்து முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தாயிற்று. இதுவும் இல்லையென்றால் மாப்பிள்ளை பார்த்துவிடுவது என்று பேச்சு. அப்பாவோ அலங்காநல்லூர் முழுக்க மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாக முன்கூட்டியே சொல்லிவிட்டு, பைக்கில் கொண்டுவந்து இறக்கி, வாசலில் காத்திருந்தார்.

முதலாளி நிக்கல்-மாங்கனீசுக் கம்பியைப் பற்றிக் கேட்டார். விடுவேனா? மாங்கனீசு சேர்ந்தால் சுத்த நிக்கலைவிட உறுதி, சூட்டில் கந்தகப் புகையையும் தாங்கும், அதனால்தான் ஸ்பார்க் பிளக் முனைக்கு ஆகிறது என்றேன். அச்சில் இழுக்க இழுக்க விறைத்து வில்லாகிவிடும், உலையில் வாட்டினால்தான் இளகும் என்றும் சொன்னேன். (கேட்காததையும் சொன்னேன்.) அவர் மகிழ்ந்துபோய், உலைக்குப் போகாத சுருள் ஒன்றைக் காட்டி, ஒரு முழம் வெட்டித் தரச் சொன்னார்.

சுருளில் நாலு கட்டு. நுனியைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் அவிழ்க்க வேண்டும். நான் நாலையும் மளமளவென்று நறுக்கினேன்.

மொத்தச் சுருளும் துள்ளி எழுந்தது. ஒரு வளையம் முதலாளி கழுத்தில், ஒன்று என் கழுத்தில், டீ கிளாஸ் தரையில். அசைய அசைய இன்னும் சிக்கியது. பட்டறையில் வேலை பார்த்த அக்கா ஒருவர் கட்டரோடு வந்து, இரண்டு பேரையும் ஆடாமல் நிற்கச் சொன்னார்.

சத்தம் கேட்டு அப்பா உள்ளே வந்தார். முதலாளி கம்பிக்குள் இருந்தபடியே கேட்டார்: "உங்க மகளாண்ணே?"

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இல்லண்ணே. கோரிப்பாளையத்துக்கு வழி கேக்க வந்தேன்."

பெற்ற தகப்பன்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளிக்குச் சிரிப்பு வந்தது.

"நீ சொன்னது அம்புட்டும் சரித்தேம்மா. நாளைக்கு வந்து இதைச் சிக்கெடுத்துக் குடு. பெறகு பாப்போம்."

சிக்கெடுக்க மூன்று நாளானது. வேலை கிடைத்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் யார் எதை உடைத்தாலும், மற்றவர்கள் எல்லோரும் உடனே வழி கேட்க வந்தவர்களாகிவிடுவார்கள்.

போன மாதம் கோரிப்பாளையத்தில் அப்பா சிவப்பு விளக்கைத் தாண்டிப் போலீசிடம் மாட்டினார். பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரர் என்னிடம், "உங்க அப்பாவாம்மா?" என்றார்.

இத்தனை வருடம் இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"இல்ல சார். செல்லூருக்கு வழி கேட்டேன், பாவம், ஏத்திக்கிட்டாரு."