எங்கள் வீட்டு இரகசியக் கேள்விச் சட்டம்

இனிமேல் போனில் யாருடைய குரலையும் நம்புவதில்லை என்று நான் தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புட்டுக்கும் சம்பலுக்கும் இடையில். பத்திரிகையில் ஒரு செய்தி. எங்கோ ஓர் ஊரில் ஒரு தாய்க்கு மகன் போன் எடுத்திருக்கிறான். அழுதிருக்கிறான். தாயும் அழுதுவிட்டு, கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறாள். பிறகு பார்த்தால் அது மகனே இல்லை. மகனுடைய குரலில் கதைத்த இயந்திரம். உண்மையான மகன் அந்த நேரம் குறட்டை விட்டு நித்திரை கொண்டிருக்கிறான்.

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு யோசித்தேன். எனக்கு உலக விஷயங்களில் கொஞ்சம் ஈடுபாடு உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வேன். என் மனைவி குணலட்சுமி வேறு விதமாகச் சொல்வாள். உலகத்தின் எந்த மூலையில் இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டாலும் அன்றைக்கு எங்கள் வீட்டில் தேங்காய் துருவ ஆள் கிடையாது என்பது அவளுடைய முறைப்பாடு. அரியாலையில் இருந்துகொண்டு ஐரோப்பாவின் எல்லையைக் காவல் காக்கும் ஒரே மனிதன் என்று என்னைத் தன் தங்கைமாருக்கு அறிமுகப்படுத்துவாள். அவளுக்கு விளங்குவதில்லை. அங்கே ஒருவன் ஏவுகணை விட்டால் இங்கே பெற்றோல் வரிசையில் நிற்பவன் நான். பங்கீட்டுக் கியூஆர் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவனுக்கு உலக அரசியலை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

யுத்த காலத்து ஆபத்தில் ஒரு நேர்மை இருந்தது. பொம்பர் விமானம் வந்தால் சத்தம் போட்டுக்கொண்டு வரும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்டால் கேட்பவனின் முகமாவது தெரியும். நான் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவன். உறையில் உள்ள கையெழுத்தைப் பார்த்தே இது கோப்பாய்க் கந்தையரின் மகள் எழுதியது, இது அச்சுவேலி மருமகன் கோபத்தில் எழுதியது என்று சொல்லிவிடுவேன். இப்போது ஆபத்து, பெற்ற பிள்ளையின் குரலில் "அம்மா, சாப்பிட்டியளோ" என்று கேட்டுக்கொண்டு வருகிறது.

ஆகவே சட்டம் கொண்டுவந்தேன். போனில் யார் எதைக் கேட்டாலும் முதலில் ஓர் இரகசியக் கேள்வி. வீட்டு ஆட்களுக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி. சரியான பதில் வராவிட்டால் போனை வைத்துவிட வேண்டும். யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

அன்று பின்னேரமே ரொறன்ரோவிலிருந்து மகன் கஜீபன் தாய்க்குப் போன் எடுத்தான். போனை நான் பறித்துக்கொண்டேன்.

"தம்பி, நில். முதல்லை ஒரு கேள்வி. எங்கடை வீட்டுக் கிணத்துக்குள்ளை விழுந்தது என்ன?"

"என்னப்பா கேள்வியிது?"

"பதிலைச் சொல்லு."

"நீங்கள்."

"விழுந்தது வாளி."

"வாளியை எடுக்கப்போய் நீங்கள்தானே விழுந்தனீங்கள். வாளியை அம்மாதான் பிறகு எடுத்தவ. உங்களையும்."

குசினிப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. குணம் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, இவன் என்ரை பிள்ளைதான், இதுக்கு மேலே அத்தாட்சி வேண்டாம் என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பதில் பிழையாக இருந்தாலும் ஆள் சரி என்ற அளவில் சட்டம் வேலை செய்ததாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

கதைத்து முடித்துவிட்டு வந்தவள் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அவள் அப்படி இருந்தால் விசாரணை தொடங்குகிறது என்று அர்த்தம்.

"அப்ப நீங்கள் எடுத்தாலும் நான் கேள்வி கேக்கோணுமோ?"

"ஆர் எடுத்தாலும் கேக்கோணும்."

"என்ன கேள்வி?"

எங்கள் முதல் சைக்கிள் என்ன நிறம் என்று கேட்கலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அது பக்கத்து வீட்டுச் செபநாயகத்துக்கும் தெரியும். அதோடை, கேள்வி என்னண்டு உங்களுக்கு முதலே தெரிஞ்சால் உதிலை என்ன பாதுகாப்பு? நானே ஒண்டை யோசிச்சு வைச்சுக்கொள்ளுறன். நீங்கள் கேக்கக்கூடாது."

அவளுக்குள் இவ்வளவு பாதுகாப்பு அறிவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் நான் காற்றோடு கதைக்கவில்லை என்று நினைத்தேன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை செபநாயகம் வந்தான். குருநகரில் பிறந்து, எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டிக் குடியிருப்பவன். எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளர். மாதக் கூட்டத்துக்குப் பேச்சாளர் ஒருவர் வரமுடியாமல் போய்விட்டதாம். "அருளண்ணை, நீங்கள் ஒருக்கால் பேசுறியளோ" என்று கேட்டான்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் சனசமூக நிலையத்தில் பத்திரிகையை விரித்து வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் நேரம் வந்துவிடும். மாடே இல்லாதவரும் எழும்பிப் போவார். அப்படிப்பட்ட இடத்தில், ஊர் முழுக்க இருந்து கேட்க, ஒரு மணித்தியாலம் நான் பேசுவது. இந்தச் சந்தர்ப்பம் பிழைத்தால் இன்னொன்று வராது. 'இயந்திரக் காலமும் எங்கள் பாதுகாப்பும்' என்று தலைப்புக் கொடுத்தேன். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். இரவும் பகலும் குணத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டாள்.

கூட்டத்தன்று வேட்டி, சால்வை எல்லாம் சரி. போனை மட்டும் கொண்டுபோகவில்லை. முக்கியமான கூட்டங்களுக்குப் போன் கொண்டுபோகக்கூடாது, அது நாங்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது என் கட்சி. அதை இடியப்பச் சட்டிக்குள் வைத்து மூடிவிட்டுப் புறப்பட்டேன். பிறகு வாறன் என்று குணம் சொன்னாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. என் பேச்சைக் கேட்கவா, கூட்டம் முடியத் தரும் வடைக்கா என்று ஆராய்வது அழகில்லை. கோயில் தர்மகர்த்தா முன்வரிசையில் இருந்தார். எனக்கு ஆங்கிலம் படிப்பித்த வாத்தியார் கைத்தடியோடு வந்திருந்தார். செபநாயகத்தின் மனைவி பெர்னடெட் பெண்கள் பக்கத்து முன்வரிசையில் குணத்துக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. நான் மேடையில் இருந்து தாள்களை விரித்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. சட்டைப் பையைத் தடவினேன். கண்ணாடி இல்லை.

 மேடையின் மூலையில் நின்ற செபநாயகத்திடம் போய்க் காதுக்குள் விஷயத்தைச் சொன்னேன். பயப்படாதேங்கோ, அக்காவிடம் சொல்லி ஓட்டோவில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கோ என்று குணத்தின் நம்பரை அழுத்தித் தன் போனைக் கையில் தந்தான்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விளக்கம். மண்டபத்தில் பாடிக்கொண்டிருந்த நாதஸ்வரம் அந்தப் போனிலிருந்துதான் கம்பி இல்லாமல் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரக் காலத்தைப் பற்றிப் பேச வந்த எனக்கு அது தோன்றவில்லை. நாதஸ்வரம் நின்றது. என் மனைவியின் குரல் மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் வந்தது.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் சொல்வது போனுக்குள் மட்டும் போகிறது, அவள் சொல்வது ஊருக்கே கேட்கிறது. செபநாயகம் போனை வாங்கி அங்கே தட்டினான், இங்கே தட்டினான். பெட்டி சொல்வழி கேட்கவில்லை. இதுக்கு என்ன செய்யிறதெண்டு உங்கடை பேச்சிலை ஏதும் இருக்கோ அண்ணை என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தான்.

"குணம், நான்தான். கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். ஒரு ஓட்டோக்காரனிட்டைக் குடுத்துவிடு."

"நீங்கள்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பகிடி விடாதை. இஞ்சை ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம்."

"மெசினும் உப்பிடித்தான் அவசரப்படுத்துமாம். நீங்கள்தானே வாசிச்சுக் காட்டினனீங்கள். கேள்விக்குப் பதிலைச் சொல்லுங்கோ. நாங்கள் கலியாணம் கட்டின புதிசிலை, விளக்கை ஊதி நூத்தாப்பிறகு, நீங்கள் என்னை என்னண்டு கூப்பிடுறனீங்கள்?"

 வாத்தியார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. மின்சாரம் போய் வருடங்களாகிவிட்டன. ஜாம் போத்திலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்ட விளக்கு ஒன்று எங்களிடம் இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அதையும் ஊதிவிடுவோம். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்றுவேன். டைனமோ ஓடும், றேடியோ செய்தி சொல்லும். நான் களைத்தால் அவள் சுற்றுவாள். உலகச் செய்திப் பைத்தியம் எனக்குப் பிடித்தது அப்படித்தான். உண்மையில் எந்த நாட்டில் என்ன நடந்தது என்பது எனக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. அந்த இருட்டில் அவள் பக்கத்தில் இருந்தாள், அதுதான் தேவைப்பட்டது. நல்ல காலம் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எத்தனையோ பேரைப் பறிகொடுத்த காலம். ஆனாலும் அந்த இருட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இளகிவிடும்.

ஒருநாள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று அரைப் போத்தில் மண்ணெண்ணெயோடு வந்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உலகத்தில் இதைவிடப் பெரிய சாமான் இல்லை என்றாள். எனக்கு அது நீதான் என்றேன். அன்றைக்குப் பிறகு அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. கஜீபன் பிறந்தான். பிறகு கரண்ட் வந்தது. கரண்ட் வெளிச்சத்தில் அவளை அப்படிக் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. அவள் ஒருநாளும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"குணம், கேள்வியை மாத்து."

"சட்டம் உங்கடை. விதிவிலக்கு இல்லையெண்டதும் நீங்கள்தான்."

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னேன்.

"கேக்கேல்லை," என்றது பெட்டி. "கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ."

தாள்களைப் பார்த்தேன். மங்கலாகக் கிடந்தன. முன்வரிசையைப் பார்த்தேன். தர்மகர்த்தா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். மேடையில் பேச்சில்லாமல் நிற்பதா, இதைச் சொல்வதா? கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"என்ரை மண்ணெண்ணெய்!"

 பெட்டியிலிருந்து மெதுவாக வந்தது.

"ஓம். இது என்ரை மனிசன்தான்."

அந்தக் குரல் பெட்டியிலிருந்தும் வந்தது, மண்டபத்தின் வாசலிலிருந்தும் வந்தது. திரும்பிப் பார்த்தேன். குணம் வாசலில் நின்றாள். காதில் போன். மற்றக் கையில் என் கண்ணாடிக் கூடு. மேசையில் நான் அதை விட்டுவிட்டுப் போனதைக் கண்டதும் ஓட்டோ பிடித்து வந்திருக்கிறாள். போன் அடித்தபோதே வாசலுக்கு வந்துவிட்டாளாம்.

மேடையிலிருந்து இறங்கி அவளிடம் போனேன்.  கோபத்தில் போகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"இஞ்சை நிண்டுகொண்டோ கேட்டனீ? ஊருக்கு முன்னாலை?"

"வீட்டிலை கேட்டால் சொல்லியிருப்பியளோ?"

கண்ணாடிக் கூட்டை வாங்கிக்கொண்டேன். அவளுடைய கண் ஈரமாக இருந்தது. முகத்தில் சிரிப்பும் இருந்தது. அந்த முகத்தை நான் கடைசியாக ஜாம் போத்தில் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேடைக்குப் போய், "இன்றைய உலகில் செயற்கை நுண்ணறிவானது" என்று ஆரம்பித்தேன். வாத்தியார் கைத்தடியால் தரையைத் தட்டினார். தம்பி, உலகம் கிடக்கட்டும், அந்த மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்லும் என்றார். சபை முழுவதும் ஓம் என்றது. எழுதியதை மடித்து வைத்துவிட்டுக் கதையைச் சொன்னேன். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அரைப் போத்திலை நான் ஒரு போத்தில் என்று கூட்டிச் சொன்ன இடத்தில் குணம் முன்வரிசையிலிருந்து திருத்தினாள். அதற்குப் பிறகு திருத்தங்கள் நீண்டுகொண்டே போய், கதையை அவளே சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பெர்னடெட் கண்ணைத் துடைத்தாள். கைதட்டு நீண்ட நேரம் ஓயவில்லை. அது யாருக்கு என்பது தெளிவாகத்தான் இருந்தது.

கடைசியாகச் செபநாயகம் நன்றியுரைக்கு எழும்பி, ஒலிவாங்கியை ஊதிப் பார்த்துவிட்டு அறிவித்தான்:

"அடுத்த மாதமும் இதே தலைப்பிலை குணமக்கா பேசுவா. அருளண்ணை வாசல்லை நிண்டு, வாற ஆக்கள் உண்மையான ஆக்களோ எண்டு பாத்து உள்ளை விடுவார்."