சகலையின் மூதாதையரும் என் எச்சிலும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் சகலை சேகர்மேல் எனக்குப் பொறாமை. அவர் கார் வாங்கியபோது வரவில்லை. மாடி கட்டியபோதும் வரவில்லை. (சரி, கொஞ்சம் வந்தது.) அவர் தன் ஆதி மூதாதையரைக் கண்டுபிடித்தபோதுதான் வயிறு நிஜமாகவே எரிந்தது.

நான் திண்டிவனத்தில் வரலாற்று ஆசிரியர். அவர் விழுப்புரத்தில் பம்புசெட் விற்பவர். கற்காலம் என்னுடைய பாடம். ஆனால், ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பி, மரபணு அறிக்கை வாங்கி, மாமியார் வீட்டுப் பந்தியில் வகுப்பெடுத்தவர் அவர்.

"ஆப்பிரிக்காவுலேர்ந்து கடலோரமாவே வந்தவங்க ஒரு பக்கம், அத்த. ஈரான் பக்கத்து ஆளுங்க ஒரு பக்கம். அப்பறம் வடக்க புல்வெளியில மாடும் குதிரையும் மேய்ச்சிக்கினு இருந்தாங்களே, அவங்களுது ஒரு துளி!"

"அவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க, மாப்ள?" என்று மாமியார் உருகி, அவர் இலையில் இன்னொரு வடை வைத்தார். (என் இலையைத் தாண்டித்தான் அந்த வடை போனது.)

அந்த வாரமே நானும் ஒரு குப்பி வரவழைத்தேன். குறித்திருந்த கோடு வரை எச்சில் வேண்டும். பொறாமையில் எனக்கோ நாக்கு வறண்டிருந்தது. வாய் ஊறட்டும் என்று ஒரு பிடி வறுத்த மல்லாட்டையை (வேர்க்கடலைதான்) மென்றுவிட்டுத் துப்பினேன். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று குறிப்புத்தாளில் இருந்ததாம். பானை ஓட்டுக் கீறலில்கூட அர்த்தம் தேடுகிற நான், அதை மட்டும் படிக்கவில்லை.

சேகர் வீட்டில் கொண்டாடிய மாமனாரின் பிறந்தநாளுக்கு விழுப்புரம் ரயிலில் போகும்போது என் அறிக்கை மின்னஞ்சலில் வந்தது.

"தொறந்து பாருங்களேன்," என்றாள் மனைவி.

"அங்க போயி, எல்லார் முன்னாடியும்!"

சேகர் வீட்டு டிவியில் கைபேசியை இணைத்து, மனித குலம் கண்டம் விட்டுக் கண்டம் போன கதையைக் கால் மணி நேரம் பேசினேன். என் பெருமையை அவர் வாயாலேயே கேட்க வேண்டாமா? "நீங்களே படிங்க சேகர்," என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். முகம் மாறியது. "அப்பறமா பாத்துக்கலாம்ணா."

"பரவால்ல, சத்தமா படிங்க!"

"உங்க சாம்பிள்ல... போதுமான மனித டி.என்.ஏ. இல்லியாம்ணா. சாப்பாட்டுத் துகள்தான் நெறைய இருக்குதாம்."

மாமியார்தான் கேட்டார்: "அப்பிடின்னா? பெரிய மாப்ள மனுசன் இல்லியா?"

சிரிப்பில் மாமனாருக்குப் புரை ஏறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. சிரிக்காத ஒரே ஆள் சேகர். என் தோளில் கை போட்டு, "உடுங்கண்ணா. எல்லாரும் ஒரே எடத்துலேர்ந்து பொறப்பட்டவங்கதானே. என் ரிப்போர்ட்ட உங்களுதா நெனச்சிக்கோங்க," என்றார்.

எவ்வளவு அழகான வாக்கியம்! ஒரு வரலாற்று ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டியது. அதையும் அவரே சொல்லிவிட்டார்.

பிறகு வெறும் வாயோடு இரண்டாவது முறை துப்பி அனுப்பினேன். முழு மனிதன் என்று அறிக்கை வந்தது. சேகரைவிட எனக்குப் புல்வெளிப் பங்கு ஒரு துளி அதிகம்! லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். இன்றுவரை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், மனைவி மகளிடம் திரும்பி அமைதியாகச் சொல்கிறாள்: "உடும்மா. உங்கப்பாவுக்குப் போதுமான அளவு இல்ல."