மயிலை அழிக்கச் சொன்ன சாம்பிள் அண்ணாச்சி

உலகத்தில் எதையும் ஒரு தடவை கொளுத்திப் பார்க்காமல் நம்பாத ஒரே மனிதர் எங்கள் சாம்பிள் அண்ணாச்சிதான். சிவகாசியில் எங்களுக்கு அடுத்த தெரு. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில், தயாராகும் ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை எடுத்து வெடித்துப் பார்ப்பது அவர் வேலை. பற்றவைத்ததும் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அப்படியும் காது பாதி போய்விட்டது.

தீப்பெட்டி வாங்கினால் கடையிலேயே ஒரு குச்சியை உரசுவார். "பத்துது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, எரிந்த குச்சியைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைப்பார். குடை வாங்கிய அன்று அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, கடைக்காரரையே ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். குடை தேறியது. கடையில் இருந்த மற்ற சரக்கெல்லாம் நனைந்துபோனது.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நான் அச்சகத்து வேலையை விட்டுவிட்டு, வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். அந்த சீசனுக்கான வேலை அத்தனையும் அதற்குள்தான். அது படுத்தால் நான் பழைய முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிய வேண்டியதுதான். அதனால் எல்லாவற்றையும் கேசட் மாதிரியான டேப்பில் நகலெடுத்து வைக்கும் டிரைவ் ஒன்று வாங்கினேன். அதை ஓட்ட எந்த சாஃப்ட்வேர் நல்லது? கம்ப்யூட்டர் கடைக்காரர் மூன்று சிடிகளோடு வந்தார். பின்னாலேயே, கூப்பிடாமலே, அண்ணாச்சியும் வந்தார்.

முதல் சாஃப்ட்வேர் பளபளவென்று இருந்தது. ஓடி முடிந்ததும் நகல் எடுத்தாயிற்று என்று பச்சை எழுத்தில் போட்டது.

"சரி, இப்ப கம்ப்யூட்டர்ல இருக்கிறத அழிங்க" என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு அண்ணாச்சி? அதான் முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்குல்ல!" என்றார் கடைக்காரர்.

"வெடிப் பெட்டியிலயுந்தான் பெருசு பெருசா போட்டிருக்கோம். வெடிச்சாத்தான வெடி?"

நான் உதவாத பழைய லேபிள் ஒன்றை அழிக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "சொத்தையவா சாம்பிளுக்கு எடுப்பீக? நல்ல சரக்கா எடுங்க தம்பி. அந்த மயில அழிங்க."

அந்த மயில் லேபிள் நான் ஒரு வாரம் உட்கார்ந்து இழைத்தது. அவர் போட்ட சத்தத்தில் அழித்துத் தொலைத்தேன். டேப்பை ஓட்டினோம். மயில் திரும்பி வரவில்லை. "நமுத்துப் போச்சு. அடுத்தது!" என்றார் அண்ணாச்சி, சந்தோஷமாக.

மறுபடி உட்கார்ந்து மயிலை வரைந்தேன். இரண்டாவது சாஃப்ட்வேர் பாதி மயிலைத் திருப்பித் தந்தது. "இனி இவரை வாசப்படி ஏத்துனீகன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் என் மனைவி. மூன்றாவது பார்க்கச் சகிக்காது. ஆமை வேகம் வேறு. ஆனால் மயில் முழுசாக வந்தது, கண்ணில் வைத்த புள்ளி உட்பட. அதையே வைத்துக்கொண்டோம்.

அதோடு விட்டாரா மனுஷர்? "வெடி மருந்தையும் செஞ்ச சரக்கையும் ஒரே ரூம்ல வைக்கலாமா?" என்று டேப்பையும் சிடியையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். வாரா வாரம் கொண்டுவருவார். நான் நகலெடுத்ததும் தூக்கிக்கொண்டு போவார். தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சீசன் நேரத்தில் ஒரு சாயங்காலம் இடி இடித்து கம்ப்யூட்டர் புகைந்து அடங்கியது. மறுநாளும் மழை. கடைக்காரர் வேறொரு கம்ப்யூட்டரையும் டேப் டிரைவையும் கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். குடை முழுக்க பிஸ்கட் டப்பாவுக்கு, மழை முழுக்க அவருக்கு.

"மொதல்ல தலையத் துவட்டுங்க அண்ணாச்சி" என்று துண்டை நீட்டியது என் மனைவிதான்.

டேப் சுற்ற ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி சுவரோரமாக ஒதுங்கி, இரண்டு காதிலும் விரலை விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார்.

லேபிள்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் மயிலும் வந்தது.

"வந்திருச்சு அண்ணாச்சி!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. எழுந்துபோய் அவர் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடியும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் அந்தக் கைகளை விட எனக்கு மனசு வரவில்லை.