ஆள்காட்டிக்குக் கிடைத்த ஊமைச் சான்றிதழ்

ஒரு காட்டில் மிருகங்களும் பறவைகளும் பேசிக்கொண்டிருந்தன. எல்லாக் கதைகளிலும்தான் பேசுகின்றன. யாருடைய அனுமதியில் பேசுகின்றன என்று எவரும் கேட்பதில்லை. இந்தக் காட்டில் கேட்டுவிட்டார்கள்.

கேட்டவர் குள்ளநரி வைகுண்டம், காட்டுக்குத் தாசில்தார். ‘பேசும் பிராணிகள் அனைவரும் தங்கள் வாயும் தொண்டையும் பேச்சுக்கு ஏற்றவை என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சான்றிதழ் இல்லாமல் பேசினாலோ கத்தினாலோ வாய் கற்றாழை நாரால் கட்டப்படும்’ என்று மருத மரத்தில் அறிவிப்பு ஒட்டினார். கீழே சிங்கராஜாவின் கையெழுத்து இருந்தது. சிங்கராஜா எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரம் இல்லை.

அறிவிப்பைப் பார்த்ததும் ஆள்காட்டிக் குருவி குமுதவல்லி முட்டைகளிடம் பறந்தாள். ஏரிக்கரைப் பொட்டலில் அவள் நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். கூடு கிடையாது, மறைப்பு கிடையாது. கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள், அவ்வளவுதான். ஆள்காட்டிகளுக்கு இருக்கிற ஒரே காவல் தொண்டை. எதிரி தூரத்தில் தலை காட்டினாலே கத்தி ஊரைக் கூட்டிவிடுவார்கள். அந்தக் கூச்சலால் மூன்று வருடமாக முட்டை கிடைக்காமல் திரும்பிப் போனவர் வைகுண்டம். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கக் குமுதவல்லிக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“பாவிப்பய! முட்டையைத் திங்க நேரா வர வக்கில்லாம, சட்டம் போட்டுக்கிட்டு வர்றான்” என்றாள். அவள் புருஷன் வாயில்லாப் பூச்சி. “பாத்துக்கலாம் புள்ள” என்று முட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டான். அவனை நம்பிப் பயனில்லை என்று அவளே வியாழக்கிழமை காலையில் கரடி டாக்டரிடம் கிளம்பினாள்.

கரடி அடைக்கலம் டாக்டரான கதையைச் சொல்லிவிட வேண்டும். காட்டோரம் மருத்துவ முகாமுக்குப் போன வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஒரு பிளாஸ்டர் தலை உருண்டு விழுந்தது. மனிதத் தலை. மூக்கிலிருந்து கழுத்துவரை நெடுக்காக அறுத்துத் திறந்து காட்டியது. பல், நாக்கு, அண்ணம், உள்நாக்கு, டான்சில், குரல்வளை என்று எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசிப் பெயரும் எழுதியிருந்தது. கண்டெடுத்தவர் அடைக்கலம். அன்று முதல் அவர் டாக்டர். படிப்பு அவ்வளவுதான் என்றாலும் படித்ததில் ஒரு எழுத்தையும் அவர் மறக்கவில்லை. எல்லா டாக்டர்களையும் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது.

குமுதவல்லிக்குப் பதினேழாம் டோக்கன். பதினைந்தாம் டோக்கன் தவளை அழுதுகொண்டே வெளியே வந்தது. நாக்கு பின்னால் ஒட்டியிருப்பதற்குப் பதில் முன்னால் ஒட்டியிருக்கிறதாம். கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார் டாக்டர். பதினாறாம் டோக்கன் பாம்பு. நாக்கின் இரண்டு நுனிகளில் எது வேண்டுமென்று முடிவு செய்துவிட்டு வரச் சொன்னார்.

“ஆ காட்டும்மா” என்றார் கரடி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு.

குமுதவல்லி அலகைத் திறந்தாள்.

“பல்லெல்லாம் எங்க?”

“பொறந்ததுல இருந்தே இல்லீங்க டாக்டர்.”

“முப்பத்திரண்டும் இல்லையா?” ஒரு பெருக்கல் குறி போட்டார். பிளாஸ்டர் தலையை ஒருமுறை பார்த்தார். “இதோ பாரு, தொண்டை வாசல்ல சின்னதா ஒண்ணு தொங்குது, உள்நாக்கு. உனக்கு அங்க ஒண்ணையும் காணோம். அண்ணம் வேற நடுவுல கிழிஞ்சு கிடக்கு.”

“அது மூக்குக்குப் போற வழிங்க. பறவைங்க எல்லாருக்கும் அப்படித்தான்.”

“எல்லாருக்கும் கிழிஞ்சிருந்தா அது தொத்துவியாதி.” இன்னொரு பெருக்கல் குறி. “டான்சில் இல்லை. மூச்சுக்குழாய்க்கு மூடியும் இல்லை. சோறு தப்பான குழாய்க்குள்ள போனா என்ன பண்ணுவே?”

“இதுவரைக்கும் போனதில்லீங்களே.”

“அதான் அலட்சியம்ங்கறது. சரி, கத்து.”

முட்டைகளை நினைத்துக்கொண்டு குமுதவல்லி உயிரைக் கொடுத்துக் கத்தினாள். வரிசையில் நின்ற முயல்கள் பாதி ஓடிப்போயின. கரடி அவள் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார், பிறகு நெஞ்சில் வைத்துப் பார்த்தார், பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“குரல்வளை இருக்கவேண்டிய எடத்துல அசைவே இல்லை. சத்தம் கீழ, நெஞ்சுக்குள்ள மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியற எடத்துல இருந்து வருது.”

“எங்கயிருந்து வந்தா என்னங்க? வருதுல்ல?”

“குரல்வளையில வராதது குரல் இல்லம்மா, வெறும் காத்து. மருத்துவப்படி நீ பிறவி ஊமை.”

“ஊமையா? அப்ப இவ்வளவு நேரம் உங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தது யாரு?”

கரடி அனுதாபத்தோடு பார்த்தார். “அப்படித்தாம்மா தோணும். அதுக்கு மருந்தில்லை” என்றபடி எழுதிக் கொடுத்தார்: ‘இவரால் பேச இயலாது. இவரிடமிருந்து வரும் எச்சத்தமும் பேச்சோ கூச்சலோ ஆகாது.’ கீழே சீல் விழுந்தது. குமுதவல்லி வீடு வரும்வரை அழுதாள். இனி முட்டைகளை எதைக் கொண்டு காப்பாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வைகுண்டம் வந்தார். தோளில் கற்றாழை நார்ச் சுருள். புருஷன்காரன் அலகைத் திறந்தான், நாரைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

“என்னம்மா, இன்னைக்குக் கச்சேரி இல்லையா?” என்று சிரித்தபடி நரி ஒரு முட்டையைக் காலால் உருட்டியது.

அதற்குமேல் சட்டமாவது மண்ணாவது! குமுதவல்லி அலறினாள். நரி ஒரே பாய்ச்சலில் அவள் அலகைப் பிடித்து நாரை எடுத்தது. அவள் இறக்கையிலிருந்த சான்றிதழ் நழுவி அதன் மூக்கடியில் விழுந்தது. வைகுண்டம் படித்தார். மறுபடி படித்தார். சீல் வைத்த காகிதம். அதை மதிக்காவிட்டால் அவர் தாசில்தார் என்பதற்கே ஆதாரம் கிடையாது. அலகை விட்டுவிட்டார்.

“நீ ஊமையா?”

“ஆமாங்க ஐயா.”

“அப்ப இப்ப பதில் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லலீங்க. டாக்டரே எழுதியிருக்காரே” என்றாள். சொல்லும்போதே தனக்குக் கிடைத்திருப்பது என்ன காகிதம் என்று அவளுக்கு உறைத்தது. அப்புறம் பாருங்கள்! மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்த வசவையெல்லாம் உச்சக்குரலில் எடுத்துவிட்டாள். நரியின் அப்பனில் தொடங்கி ஏழு தலைமுறை பின்னால் போய்த் திரும்பி வந்தாள். புதருக்குள் கிடந்த காட்டுப்பன்றிகள் பத்துப் பன்னிரண்டு எழுந்து வந்து சுற்றி நின்றன.

“உங்களை யாருடா கூப்பிட்டது?” என்றது நரி.

“யாரும் கூப்பிடலீங்க ஐயா. அந்தம்மாதான் ஊமையாச்சே” என்றது முன்னால் நின்ற கிழப்பன்றி, கோரைப்பல்லைக் கல்லில் தீட்டிக்கொண்டே. “சும்மா, பாத்துட்டுப் போலாம்னு.”

அத்தனை வாயையும் கட்ட நார் போதாது. வைகுண்டம் உருட்டிய முட்டையைப் பழைய இடத்துக்கே உருட்டினார். “முட்டைகள் விதிப்படி உள்ளன” என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை கரடி வீட்டில் ஏரிவரைக்கும் வரிசை. எல்லோருக்கும் ஊமைச் சான்றிதழ்தான் வேண்டுமாம். தவளை நாக்கைத் திருப்பாமலே வந்து நின்றது. வைகுண்டத்துக்கு ஆற்றாமை தாங்கவில்லை. நேரே சிங்கராஜாவிடம் ஓடி வாயைத் திறந்தார். ராஜா கையமர்த்தி, “சான்றிதழ் இருக்கா?” என்றார். அந்த அறிவிப்பை யாரோ அன்றுதான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள். ஊமை முறையிட முடியாது. ஆகவே பேசத் தகுதியுள்ளவர் என்றே வாங்கி வர வேண்டியதாயிற்று.

அதிகாரி என்பதால் உள்நாக்கு இல்லாததைக் கரடி கண்டுகொள்ளவில்லை. ஆனால் பல்லை எண்ணினார்.

“நாப்பத்திரண்டு இருக்குங்க ஐயா. பத்து அதிகம்.”

“நரிக்கு அவ்வளவுதான்யா இருக்கும்!”

“தலையில முப்பத்திரண்டுதாங்க” என்று பிளாஸ்டர் தலையைக் காட்டிவிட்டு டாக்டர் பல் பிடுங்க ஒரு குறடு எடுத்தார்.

காட்டிலேயே சட்டப்படி பேசத் தகுதி பெற்ற ஒரே பிராணி இப்போது வைகுண்டம்தான். ராஜாவின் முன்னால் அரைமணி நேரம் முறையிட்டார். ராஜா மரியாதையாகக் கேட்டு முடித்து, “சான்றிதழ் சரியா இருக்கு. ஆனா ஒரு வார்த்தை புரியலை” என்று அனுப்பிவிட்டார். அந்த வாரக் கடைசியில் ஏரிக்கரைப் பொட்டலில் நான்கு குஞ்சுகள் பொரிந்தன. ஓடு உடைந்த மறுநிமிஷமே நான்கும் கத்தத் தொடங்கின.

நீதி: வாயைத் திறக்க விரும்புகிறவர், தம்மால் பேசவே முடியாது என்று முதலில் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், பேச முடியும் என்று எழுதி வாங்கப் போனால் பத்துப் பல் போகும்.